பெரியவருக்கு நிரந்தர முகவரி

மனிதகுலத்தின் மகத்தான சாதனைகளைப் பட்டியல் போடுகிறவர்கள் நெருப்பு, சக்கரம், தடுப்பூசி என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய் முடிப்பார்கள். பிறக்காத, பசிக்காத, வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் தும்மாத ஒரு மனிதருக்கு இருக்க இடம் தேடிப் பதினான்கு பேர் ஒரு மாதம் முழுக்க உழைத்த வரலாற்றை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை. அந்த அநியாயத்தைச் சரிசெய்ய இன்று வேளை வந்திருக்கிறது.

அந்த உழைப்புக்குத் தலைமை தாங்கியவர் மூன்றாவது மாடி 3பி வீட்டுக்காரர். ஆபீஸில் அவர் 'தலைமை வடிவமைப்பாளர்'. குடியிருப்பில் 'லேபிள்'. உள்ளங்கை அளவுக்கு ஒரு மெஷின் வைத்திருக்கிறார். எழுத்தைத் தட்டினால் ஒட்டுச்சீட்டாக வெளியே வரும். சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்று ஒட்டியிருக்கிறார், அதில் ஒன்றும் குற்றம் சொல்ல முடியாது. உப்பு டப்பாவில் 'உப்பு – சர்க்கரை அல்ல' என்று ஒட்டியிருக்கிறார். செருப்பு அலமாரியில் 'இடது', 'வலது'. குளியலறைக் கதவில் 'உள்ளே', அதன் மறுபக்கம் 'வெளியே'. எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட சங்கதி இல்லை இது. கதவு திறந்திருந்தது.

கூடத்தை ஒட்டிய சின்ன அறையில், இரும்பு அலமாரியின் நடுத்தட்டில் இன்னொரு சீட்டு உண்டு: 'அப்பா – தற்காலிகம்'.

அப்பா முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதி ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன் அம்மா போனதும் பழைய வீட்டை விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பிள்ளைகள் மூன்று பேர்: மூத்தவர், நடுவில் லேபிள், அடுத்துத் தங்கை. மூவருக்கும் அப்பா மேல் கொள்ளைப் பிரியம். இப்படிப்பட்ட அப்பாவை ஒருவரே வைத்துக்கொள்வது மற்ற இருவருக்கும் செய்யும் துரோகம் என்று உணர்ந்த லேபிள், அன்பைச் சமமாகப் பங்கிட ஓர் அட்டவணை போட்டார். மாதத்துக்கு ஒரு வீடு. ஒன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு டாக்ஸி. ஒரு பை, ஒரு மருந்து டப்பா, ஒரு மடக்குக் குடை, அப்பா. அட்டவணையில் இதற்குக் 'கைமாற்றம்' என்று பெயர்.

மூத்தவர் ஒருமுறை காலண்டரை வைத்துக்கொண்டு ஃபோனில் கூப்பிட்டார்.

"டேய், எனக்கு வருஷத்துக்கு நூத்தி இருபத்திமூணு நாள் வருது. உனக்கு நூத்தி இருபதுதான். பிப்ரவரியை நைசா நீ எடுத்துக்கிட்ட."

"அது தானா அமைஞ்சது அண்ணா. லீப் வருஷத்துல எனக்கு நூத்தி இருபத்தொண்ணு வரும்."

"நாலு வருஷத்துக்கு ஒரு நாள். ரொம்பப் பெரிய மனசுடா உனக்கு."

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார்: "அந்த மூணு நாள் நான் பஸ் ஸ்டாண்டுல இருந்துக்கிறேன்டா. அதுக்காகச் சண்டை போட்டுக்காதீங்க." லேபிள் ஒரு நிமிஷம் அதை யோசித்துப் பார்த்தார் என்கிறார்கள். நாம் நம்பவில்லை. அரை நிமிஷம் இருக்கலாம்.

அப்பாவிடம் ஒரு வினோதம். தினமும் சரியாகப் பதினொரு மணிக்கு அவருடைய பழைய ஃபோன் 'டிங்' என்னும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார், ஆள்காட்டி விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், "நாற்காலி கிளம்பிடுச்சாம்" என்பார்.

மருமகள் பிசியோதெரபிஸ்ட். மதியம்தான் அவளுக்கு வேலை, ஆகவே இதைத் தினமும் கேட்பாள்.

"எந்த நாற்காலி மாமா?"

"நீல நாற்காலிம்மா. பன்னெண்டு வருஷமா வந்துக்கிட்டே இருக்கு."

"ஏதோ விளம்பரம் மாமா. பதில் எல்லாம் போடாதீங்க."

"வாங்கிக்க வீட்ல இருப்பீங்களா, ஆமான்னா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டுன்னு மரியாதையா கேக்குறாங்கம்மா. கேட்டா பதில் சொல்லாம இருக்கிறதா?"

லேபிளிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார். லேபிள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரிப்பா, சரிப்பா" என்பார். பொறுப்புள்ள பதவியில் இருப்பவர்களுக்கு நாற்காலிக் கதையெல்லாம் கேட்க நேரம் ஏது.

அந்தப் பதவி என்னவென்று பார்த்துவிடுவோம். லேபிளின் கம்பெனி, இணையத்தில் கடை நடத்துகிறவர்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. ஒரு காலத்தில் அது ஒரே பெரிய ப்ரோகிராம். கூடை, தள்ளுபடி, டெலிவரி, தகவல் அனுப்புவது எல்லாம் ஒரே கூரையின் கீழ் கூட்டுக் குடும்பமாக இருந்தன. தள்ளுபடிக்குச் சளி பிடித்தால் டெலிவரி இருமும். நான்கு வருஷத்துக்கு முன் லேபிள் துணிந்து பாகப்பிரிவினை செய்தார். பதினான்கு மாட்யூல்கள், பதினான்கு தனிக்குடித்தனங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர், ஒரு பூட்டு, ஒரு தலைவர், கொஞ்சம் கர்வம்.

தனிக்குடித்தனம் போனவர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுகிறார்களா என்று தினமும் காலை பதினொரு மணிக்குப் பார்ப்பார்கள். அதுதான் 'ஒருங்கிணைப்புச் சோதனை'. ஒரு கற்பனை வாடிக்கையாளர் ஒரு கற்பனைப் பொருளைக் கூடையில் போடுவார், தள்ளுபடி கேட்பார், வாங்குவார். பொருள் கிளம்பும். 'வீட்டில் இருப்பீர்களா' என்று அவருக்குத் தகவல் போகும். 'இருப்பேன்' என்று பதில் வரும். எல்லாம் நடந்தால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் பச்சை. எங்கே இடறினாலும் சிவப்பு. பச்சை விழாத நாளில் மென்பொருளின் புது வெளியீடு எதுவும் வெளியே போகாது.

அந்தக் கற்பனை வாடிக்கையாளரின் விவரங்கள் உள்ள ஃபைலுக்குப் 'பெரியவர்' என்று பெயர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், லேபிளே அவசரத்தில் அடித்தது. வயது, முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் கைக்கு வந்ததைப் போட்டார். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த 'நாளை' இன்னும் வரவில்லை. பாகப்பிரிவினையின்போது ஆணி வரைக்கும் பிரித்துக்கொண்டவர்கள் பெரியவரை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் 'தற்காலிகம்' என்ற பொது ஃபோல்டரில் கிடந்தார். தேவைப்பட்ட மாட்யூல்காரர்கள் அவ்வப்போது வந்து அவரை நகலெடுத்துக் கொண்டுபோய்த் தங்கள் வசதிக்கு வெட்டி ஒட்டி வைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் 'ஒன்றாம் தேதிக் கோளாறு' வந்தது. மூன்று வருஷமாக மாதத்தின் முதல் நாள் மட்டும் திரையில் சிவப்பு விழும். 'வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லை' என்று வரும். இரண்டாம் தேதி யாரும் ஒன்றும் செய்யாமலே பச்சையாகிவிடும். காலண்டர் கணக்கில் பிழை என்றார்கள். சர்வர் சூடு என்றார்கள். ஏ.சி. குளிர் என்றும் ஒரு கட்சி இருந்தது. சென்ற ஒன்றாம் தேதி அந்தச் சிவப்பால் ஒரு பெரிய கடைக்காரருக்குப் போக வேண்டிய வெளியீடு நின்றுபோனது.

மேனேஜர் அம்மா லேபிளை அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த ஒண்ணாந்தேதி அந்தக் கடைக்காரர் நேர்ல வந்து உக்காந்து பாக்கப்போறார். அன்னைக்கும் சிவப்பு விழுந்தா, தலைமை வடிவமைப்பாளர்னு ஒரு பதவி இங்க இருக்காது."

"என்னைச் சொல்றீங்களா மேடம்?"

"சேச்சே. பதவியைச் சொல்றேன். நீங்க எங்க இருப்பீங்கன்னு நீங்கதான் பாத்துக்கணும்."

லேபிள் கலங்கவில்லை. நோய்க்குக் காரணம் ஒழுங்கின்மை, மருந்து ஒழுங்கு என்று அன்றே கண்டுபிடித்தார். 'சோதனைத் தரவுக் கோப்புகள் ஒழுங்கமைப்பு உயர்நிலைக் குழு' உதயமானது. பதினான்கு தலைவர்களும் உறுப்பினர்கள். கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறையில், 'அழிக்க வேண்டாம்' என்று யாரோ இரண்டு வருஷத்துக்கு முன் எழுதிப் போன வெள்ளைப் பலகையின் முன்னால், முதல் கூட்டம் நடந்தது. அன்றுதான் ஒரே பெரியவர் பதினான்கு ஃபோல்டர்களில் பதினான்கு விதமாக வாழ்கிறார் என்ற உண்மை உலகுக்குத் தெரிந்தது.

"எங்ககிட்ட அவருக்கு முப்பத்திநாலு வயசு" என்றார் கூடைத் தலைவர்.

"அதெப்படி? எங்ககிட்ட அறுபத்தொண்ணு" என்றார் தள்ளுபடித் தலைவர். "முதியோர் தள்ளுபடியை நாங்க எப்படிச் சோதிக்கிறது?"

"எங்ககிட்ட அவர் அஞ்சாவது மாடியில இருக்காரு, லிஃப்ட் கிடையாது" என்றார் டெலிவரித் தலைவி. "மூணு தடவை போனோம், கதவைத் திறக்கல. அப்படித்தான் ஃபைல்ல இருக்கு."

கடைக்கோடியில் உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். அவர் 'விடைபெறுதல்' மாட்யூலின் தலைவர். வாடிக்கையாளர்கள் ஏதோ ஒரு காரணத்தால் இல்லாமல் போனால் அவர்களுடைய பதிவை மூடுவது அவர் வேலை.

"எங்க ஃபோல்டர்ல அவர் காலமாயிட்டாரு."

தள்ளுபடித் தலைவர்தான் முதலில் சுதாரித்தார். "எப்போ?"

"போன வருஷம். அவரை உயிரோட வச்சா எங்க பக்கம் எல்லாமே சிவப்பாயிடும்."

"செத்தவருக்கு நான் எப்படிங்க நாற்காலி கொண்டுபோய்க் கொடுக்கிறது?" என்றார் டெலிவரித் தலைவி.

"திங்கள் புதன் வெள்ளி உயிரோட இருக்கட்டும். மத்த நாள் எங்ககிட்ட விட்டுடுங்க. எங்களுக்கு அது போதும்."

இந்த யோசனை நாற்பது நிமிஷம் தீவிரமாகப் பரிசீலிக்கப்பட்டது.

மேசையின் ஓரத்தில் டெஸ்டர் இருந்தாள். சோதனையைத் தினமும் ஓட்டுகிற பெண் அவள்தான். குழுவில் உறுப்பினர் இல்லை, தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி கொடுத்திருந்தார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சின்னக் கேள்வி. 'இருப்பேன்'னு தினமும் பதில் வருதே, அதை யார் அனுப்புறாங்க?"

தகவல் அனுப்பும் மாட்யூலின் தலைவரைப் பார்த்தார்கள். "நான் சேர்றதுக்கு முன்னாடியிருந்தே வருது" என்றார் அவர். "தானா வரும். நாங்க அதுல கை வைக்கிறதில்ல."

கேள்வி கவனத்தில் கொள்ளப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். எழுதிவிட்டால் பிறகு எதற்குக் கவனிப்பது.

இரண்டாம் கூட்டத்தில் லேபிள் பேசியதை இன்றும் ஆபீஸில் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். எழுந்து நின்று, கையில் மார்க்கர் பேனாவை மெழுகுவர்த்தி போலப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ஒரு மனுஷனை எத்தனை ஃபோல்டர்ல வைப்பீங்க? இங்க கொஞ்ச நாள், அங்க கொஞ்ச நாள்னு தூக்கிக்கிட்டே திரிஞ்சா, அவருக்கு எதுங்க வீடு? அவருக்கே தான் யாருன்னு மறந்துபோகாதா? அவர் ஒரே இடத்துல இருக்கணும். வேணுங்கிறவங்க அங்க போய்ப் பாருங்க. அவரைத் தூக்கிட்டு வராதீங்க."

டெலிவரித் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். விடைபெறுதல் தலைவர்கூடப் பெரியவரை உயிர்ப்பிக்கச் சம்மதித்து, தன் சோதனைக்கு வேறு ஒருவரைக் கொன்றுகொள்வதாகச் சொன்னார். அந்த உருக்கமான தருணத்தில் லேபிளின் ஃபோன் அதிர்ந்தது. தங்கை. வெளியே வராந்தாவுக்குப் போய்ப் பேசினார். சுவர் கண்ணாடி என்பதால் முகம் உள்ளே தெரிந்தது, குரல் வராந்தாவில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

"அண்ணா, ஒண்ணாந்தேதி காலையில எங்க காலேஜ் லேப்ல பரீட்சை. நான்தான் சாமான் எல்லாம் எடுத்துக் கொடுக்கணும். அப்பாவை ரெண்டாந்தேதி அனுப்பேன்."

"அட்டவணைன்னு ஒண்ணு எதுக்கும்மா இருக்கு?"

"ஒரு நாள்தானே அண்ணா."

"இன்னைக்கு ஒரு நாள், நாளைக்கு ஒரு வாரம். கைமாற்றம் ஒண்ணாந்தேதி பத்தரை. சாவியைப் பக்கத்து வீட்ல கொடுத்துட்டுப் போ. அவரே திறந்துக்குவார்."

திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். விதிகள் ஏகமனதாக நிறைவேறின. பெரிய எழுத்தில் அச்சடித்துக் கூட்ட அறையில் ஒட்டினார்கள். விதி ஒன்று: ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே இடம். விதி இரண்டு: அவரை நகலெடுப்பதோ, மாதாமாதம் இடம் மாற்றுவதோ கூடாது. விதி மூன்று: 'தற்காலிகம்' என்ற பெயரில் எதையும், யாரையும் வைக்கக் கூடாது.

அன்று மாலை வீட்டில் மனைவியிடம் மூன்றையும் வாசித்துக் காட்டினார். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே பிடித்தபடி கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. அப்ப மாமாவும் இங்கயே இருந்துடட்டுமே? எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல."

"அது எப்படி? தங்கச்சி பங்கு என்ன ஆகிறது? அண்ணன் என்ன நினைப்பார்? ஒரு முறைன்னு இருக்கில்ல."

"இந்த விதி யாருக்குப் போட்டது?"

"வாடிக்கையாளருக்கு."

சின்ன அறையில் ரேடியோவின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கடைசி வாரத்தில் ஒரு முட்டுக்கட்டை. பெரியவரின் பழைய முகவரியை டெலிவரி மாட்யூல் நிலப்படத்தில் தேடியது. அங்கே வீடு இல்லை, கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது.

"நிஜமா இருக்கிற ஒரு வீட்டு முகவரி வேணும் சார்" என்றாள் டெஸ்டர். "யாராவது உங்க முகவரியைக் கொடுங்களேன்."

பதினான்கு பேரும் தங்கள் தங்கள் நகங்களைப் பார்த்தார்கள். "எங்க வீட்ல ஏற்கெனவே இடம் பத்தல" என்றார் கூடைத் தலைவர். "என் மாமியாருக்குப் பிடிக்காது" என்றார் இன்னொருவர். இல்லாத ஒரு ஆளை வீட்டில் சேர்ப்பதற்கே இவ்வளவு யோசனை. அப்போதுதான் லேபிளின் உயரம் தெரிந்தது. அவர் ஒரு கணமும் தயங்கவில்லை.

"என் முகவரியைப் போடுங்க. 3பி, மூணாவது மாடி. நிரந்தரமா எங்க வீட்லயே இருக்கட்டும்."

கைதட்டல் அடங்க நேரமானது. பதினான்கு பேரும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவர், வாடிக்கையாளர் மாட்யூலின் சொந்த ஃபோல்டரில், ஒரே பிரதியாக, நிரந்தர முகவரியுடன் குடியேறினார். சாயங்காலம் கேக் வெட்டினார்கள்.

ஒன்றாம் தேதி வந்தது. பத்தரைக்கு 3பி வாசலில் டாக்ஸி நின்றது. லேபிள் ஏழு மணிக்கே ஆபீஸ் போய்விட்டார், ஆகவே மருமகள்தான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஃபோனைப் பைக்குள்ள போட்டுடாதீங்க மாமா. சட்டைப்பையில வைங்க. போனதும் எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க."

"சரிம்மா. அந்தக் குடையை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மாமா."

டாக்ஸி கிளம்பியபோது மணி பத்து நாற்பது. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எதிர் ஜன்னலில் இருந்தவர்களுக்கு அது தெரியத்தான் செய்தது.

ஆபீஸ் கூட்ட அறையில் கடைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மேனேஜர் அம்மா. பதினொரு மணிக்குச் சோதனை தொடங்கியது. கூடை பச்சை. தள்ளுபடி பச்சை. டெலிவரி பச்சை. லேபிள் டையைச் சரிசெய்துகொண்டார். திரையில் ஒரு வரி வந்தது: 'உங்கள் நிரந்தர முகவரியான 3பி, மூன்றாவது மாடி வீட்டில் இருப்பீர்களா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2.'

இரண்டு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. 2.

திரை முழுக்கச் சிவப்பு.

"பதில் வந்திருக்கே" என்றார் கூடைத் தலைவர், நம்பிக்கையோடு.

"இல்லைன்னு வந்திருக்கு" என்றார் மேனேஜர் அம்மா. "ஒரு ஃபைல் எப்படிங்க இல்லைன்னு சொல்லும்?"

டெஸ்டர் பெரியவர் ஃபைலைத் திறந்தாள். அதில் இருந்த ஃபோன் நம்பரை யாரிடமும் அனுமதி கேட்காமல் கூட்ட அறை ஃபோனில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். லேபிளுக்கு ஐந்தாவது எண்ணிலேயே நம்பர் பிடிபட்டுவிட்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான்.

"ஹலோ, யாருங்க பேசுறது?" என்றாள் டெஸ்டர்.

"நீதானேம்மா கூப்பிட்ட. நீ யாரு?"

அவள் கொஞ்சம் தடுமாறினாள். "நாங்க... நீல நாற்காலி."

"அடடே, வாங்க வாங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் குரலைக் கேக்குறேன்."

"தினமும் ஒண்ணு அனுப்புறது நீங்களா சார்?"

"ஆமாம்மா. வீட்ல இருப்பீங்களான்னு கேக்குறீங்க. இருப்பேன்னு சொல்றேன். நான் வேற எங்க போகப்போறேன்?"

"ஒண்ணாந்தேதி மட்டும் ஏன் சார் பதில் வராது?"

"அன்னைக்குத்தாம்மா என்னை மாத்துற நாள். ஃபோன் பைக்குள்ள இருக்கும், பை டிக்கிக்குள்ள இருக்கும்."

"மாத்துறதுன்னா?"

"ஒரு பிள்ளை வீட்லேர்ந்து இன்னொரு பிள்ளை வீட்டுக்கு. நடுப்பையன் சார்ட் போட்டிருக்கான். கெட்டிக்காரன். உங்களை மாதிரிதான் ஒரு ஆபீஸ்ல இருக்கான், எதை எங்க வைக்கணும்னு அங்க எல்லாரும் அவனைத்தான் கேப்பாங்களாம்."

அறையில் இருந்த எல்லாக் கண்களும் ஒரே திசையில் திரும்பின. டெலிவரித் தலைவி தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சத்தம் வராமல் மூடினார்.

"இன்னைக்கு ஏன் சார் ரெண்டு போட்டீங்க?"

"நிரந்தரமா 3பி-யில இருப்பீங்களான்னு கேட்டிருந்தீங்க. அங்கேர்ந்து கிளம்பி இருபது நிமிஷம் ஆச்சு, பையோட டாக்ஸியில உக்காந்திருக்கேன். முப்பத்தோரு வருஷம் மீட்டர்ல என்ன இருந்துச்சோ அதை எழுதினவன்மா நான். இல்லாததை எப்படி ஒண்ணுன்னு போடுறது?"

மேனேஜர் அம்மா ஒரு பொத்தானை அழுத்தி அந்தப் பக்கம் கேட்காதபடி செய்தார். "உங்க அப்பாவா?"

"ஆமா மேடம்."

"டாக்ஸியைத் திருப்பச் சொல்லுங்க. இவர் பன்னெண்டு மணி வரைக்கும்தான் உக்காந்திருப்பார்." இவர் என்றது கடைக்காரரை. மனிதாபிமானம் என்று வந்துவிட்டால் அந்த ஆபீஸில் யாரும் நேரத்தை வீணாக்குவதில்லை.

லேபிள் அதே பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு ஃபோன் பக்கம் குனிந்தார்.

"அப்பா, நான்தான்."

"நீ எங்கடா அங்க?"

"அப்புறம் சொல்றேன். வண்டியைத் திருப்பச் சொல்லுங்கப்பா. வீட்டுக்கு வாங்க."

"எத்தனை நாளைக்கு?"

லேபிள் நிமிர்ந்து பார்த்தார். பதினான்கு பேர், ஒரு மேனேஜர், ஒரு கடைக்காரர். அவர்களுக்குப் பின்னால் சுவரில் அவரே அச்சடித்து ஒட்டிய தாள். தள்ளுபடித் தலைவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "சார், தற்காலிகம்னு சொல்ல முடியாது. விதி மூணு."

"நிரந்தரமா வாங்கப்பா" என்றார் லேபிள்.

ஸ்பீக்கரில், டாக்ஸியின் இரைச்சலோடு, அப்பா டிரைவரிடம் பேசுவது கேட்டது. "தம்பி, வண்டியைத் திருப்புப்பா. வீட்டுக்குப் போகணும்." மூன்று வருஷமாக டாக்ஸியில் கதவு நம்பர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

பதினொன்றே முக்காலுக்குச் சோதனையை மறுபடி ஓட்டினார்கள். கேள்வி போனது. இந்த முறை இரண்டு நிமிஷம் ஆகவில்லை. 1. திரை முழுக்கப் பச்சை. கடைக்காரர் எழுந்து லேபிளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு மகன்" என்றார். அவருடைய அப்பா எங்கே இருக்கிறாரோ. லேபிளுக்குப் பதவி நிலைத்தது. 'ஒரே வாடிக்கையாளர், ஒரே இல்லம்' என்று பொறித்த பித்தளைத் தகடும் கொடுத்தார்கள். அது இப்போது 3பி கூடத்தில் இருக்கிறது. அதன் கீழே 'விருது' என்று ஒரு லேபிள்.

அன்று மதியமே அப்பா அலமாரிச் சீட்டில் 'தற்காலிகம்' என்ற பாதியை நகத்தால் சுரண்டி எடுத்தார். மருமகள் கத்தரிக்கோல் கொண்டுவந்து கொடுத்தாள். பையைக் கட்டில் அடியில் தள்ளினார். குடையை ஆணியில் மாட்டினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குடை பைக்கு வெளியே வந்து தொங்கியது.

லேபிள் அத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. ஒரு முதியவரின் ஆள்காட்டி விரலை நம்பி ஒரு நிறுவனம் நடக்கலாமா? அன்று இரண்டு போட்டவர் நாளைக்கும் போடமாட்டார் என்பது என்ன நிச்சயம்? மாதக் கடைசி நாள் சாயங்காலம் குழு கூடியது. விதி நான்கு ஏகமனதாகப் பிறந்தது: சோதனைக் கோப்புகளில் உயிருள்ள மனிதர்கள் இருக்கலாகாது. பெரியவர் ஃபைலிலிருந்து அந்த ஃபோன் நம்பரை எடுத்தார்கள். கேள்வி வந்தவுடன் தானாகவே '1' என்று சொல்லும் ஒரு குட்டி ப்ரோகிராமை லேபிளே எழுதினார், மொத்தம் நான்கு வரி. டெஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கவனத்தில் கொள்ளப்பட்டது.

அடுத்த ஒன்றாம் தேதி காலை பத்தரைக்கு 3பி வாசலில் டாக்ஸி நின்றது.

"நிரந்தரமான்னுதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி. கதவு திறந்துதான் இருந்தது, குரலை அவள் தாழ்த்தவும் இல்லை.

"அது போன வெர்ஷன்" என்றார் லேபிள். "தங்கச்சிக்கு ஏற்கெனவே ஒரு மாசம் பாக்கி விழுந்துடுச்சு. அவளும் பொண்ணுதானே, அவளுக்கும் ஆசை இருக்காதா?"

அப்பா ஆணியிலிருந்து குடையை எடுத்து மடக்கினார். அலமாரியில் சுரண்டிய இடத்தின் மேல் புதுச் சீட்டு ஒட்டியாகிவிட்டது: 'அப்பா – தற்காலிகம் 2'.

மூன்று வருஷத்துச் சரித்திரத்தில் முதல் முறையாக, எந்தத் தடங்கலும் இல்லாமல், ஒன்றாம் தேதி பதினொரு மணிக்குத் திரையில் பச்சை விழுந்தது. பெரியவர் 3பி-யில் நிரந்தரமாக, சௌக்கியமாக இருப்பதாகப் பதினான்கு மாட்யூல்களும் ஒரே குரலில் சாட்சி சொன்னன. கோளாறு அடியோடு ஒழிந்தது. லேபிளைத் தோளில் தட்டிக் கொடுக்க வரிசை நின்றது.

அதே பதினொரு மணிக்கு, டாக்ஸியின் பின்சீட்டில், அப்பா சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலை நீட்டி வைத்துக் காத்திருந்தார். என்ன போடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டிருந்தார். ஆனால் ஃபோன் 'டிங்' என்று ஒலிக்கவில்லை. எல்லாம் அவ்வளவு ஒழுங்காகிவிட்டிருந்தது, இனி அவரைக் கேட்க வேண்டியதே இல்லை.